மந்தின் மேடும் சின்ன தொரையின் ஊதியும்

எங்கள் தோட்டத்து லாரி பெட்ரோலில் ஓடிய வரை மந்தின் மேட்டை யாரும் மேடு என்று நினைத்ததில்லை. ஜப்பான்காரன் வந்து, பெட்ரோல் போய், லாரியின் முதுகில் கரி டிரம்மைக் கட்டிய பிறகுதான் அது எவ்வளவு பெரிய மேடு என்று எங்களுக்குத் தெரிந்தது.

கரி டிரம் என்பது ஓர் ஆள் உயர இரும்புப் பீப்பாய். அதில் கரியைக் கொட்டி அடியில் நெருப்பு வைத்தால், கரி அரைகுறையாக எரிந்து ஒரு வாயு வரும். அதைக் குழாய் வழியாகக் கொண்டுபோய், தேங்காய் நாரில் வடிகட்டி, எஞ்சினுக்குள் விட்டால் எஞ்சின் ஓடும். சமதரையில் சைக்கிளுக்கு ஈடு கொடுக்கும். மேடு வந்தால் மூச்சு வாங்கும். எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், மந்தின் பக்கம். ரப்பர் ஷீட்டையும் மரவள்ளிக்கிழங்கையும் இறக்க வேண்டிய இடமோ சிரம்பான், மேட்டுக்கு அந்தப் பக்கம். ஒவ்வொரு லோடுக்கும் லாரி நடு மேட்டில் நின்றுவிடும். பின்னால் வரும் ஆட்கள் மரக்கட்டையோடு குதித்துச் சக்கரத்துக்கு அடியில் கொடுப்பார்கள். நெருப்பைக் கிளறி, வாயு சேரும் வரை காத்திருந்து, கொஞ்ச தூரம் ஏறி, மறுபடியும் கட்டை. காலையில் புறப்பட்ட லாரி மேட்டு உச்சியைத் தொடும்போது மத்தியானம் ஆகிவிடும். சில நாள் தொடாமலே திரும்பிவிடும்.

அந்த லாரியின் டிரைவர் என் அண்ணன். நான் அவர் தங்கை. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் அண்ணியோடு லயத்து வரிசை வீட்டில் இருந்தேன். பால் கொட்டகையில் ரோலரில் ஷீட் போடும் வேலை எனக்கு. தட்டில் உறைந்த ரப்பர் பாலை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுத்தால் அது தட்டையான ஷீட்டாகக் கீழே இறங்கும். உருளைகள் உள்பக்கமாகச் சுற்றும். கையைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே விட்டால் விரலையும் ஷீட்டாக்கிவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. எனக்கு ஏற்ற வேலை. நான் அதிகம் பேச மாட்டேன். ஆறாம் வகுப்பு வரை தோட்டத்துப் பள்ளியில் படித்தபோதும் வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் எழுந்து நிற்பதோடு சரி.

ஒரு நாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோரையும் நிற்க வைத்துவிட்டு ஜப்பான் அதிகாரி வந்தார். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் ரப்பருக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. அரைகுறை மலாயில் பேசுவார். அது எங்கள் அரைகுறை மலாய்க்கு நன்றாகவே புரியும். அண்ணனைக் கைகாட்டி முன்னால் வரச் சொன்னார்.

“லாரி நாயேக் புக்கிட் தா போலே,” என்றார். “டிரைவர் பெர்கி சியாம்.”

மேடு ஏறாத லாரிக்கு டிரைவர் எதற்கு, டிரைவர் சயாமுக்குப் போகட்டும் என்று அர்த்தம். அடுத்த லோடு நிற்காமல் சிரம்பான் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் சயாமில் ஜப்பான்காரன் போடும் ரயில் பாதைக்கு ஆள் எடுக்கும்போது அண்ணன் பெயரும் சேரும். எங்கள் எதிர் வீட்டுக்காரர் அப்படிப் போனவர்தான். அவர் மனைவி தினமும் ஏதாவது சாக்குச் சொல்லி ஆபீஸ் வாசலில் போய் நிற்பார், யாராவது சேதி சொல்ல மாட்டார்களா என்று. அண்ணி அப்போது முழுகாமல் இருந்தார். அன்று பெரட்டிலிருந்து திரும்பிய அண்ணி அடுப்பை மூட்டினார், அணைத்தார், மறுபடி மூட்டினார். என்ன சமைக்க வந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

அண்ணியின் அண்ணன் பாக்டரியில் பிட்டர். ரோலர் எஞ்சினைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எனக்கு முறை மாப்பிள்ளை. அதனால் நான் அவரோடு பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் “அண்ணே, அவங்களுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க” என்பேன். அவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “மச்சான், வேணும்னு சொல்லுங்க” என்பார். அண்ணன் நடுவில் தபால்காரர்.

அன்று மத்தியானம் பிட்டர் வீட்டுக்கு வந்தார். சாப்பிட உட்காரவில்லை.

“மச்சான், கரி வாயு கஞ்சித்தண்ணி மாதிரி. அதுல வயிறு நெறையணும்னா நெறையக் குடிக்கணும். நம்ம எஞ்சினு தானா உறிஞ்சிக் குடிக்கிறது பத்தல. நாம வாயத் தொறந்து ஊத்தணும்.”

“யாரு ஊத்துவா? நீ கொடம் எடுத்துக்கிட்டு ஓடி வருவியா?”

“சின்ன தொரை காருல ஒண்ணு இருந்துச்சே, மறந்துட்டீங்களா?”

தோட்டத்து உதவி மானேஜரான வெள்ளைக்காரச் சின்ன தொரையிடம் ஒரு பந்தயக் கார் இருந்தது. கூரையில்லாத, தரையோடு தரையாக ஓடும் சிறிய கார். அது வரும்போது எஞ்சின் சத்தத்துக்கு மேலே ஊளை மாதிரி இன்னொரு சத்தம் கேட்கும். காரின் மூக்கில் ஒரு சாமான் இருந்தது. அது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும், அதனால்தான் இந்த ஓட்டம் என்று சின்ன தொரை ஒருமுறை பிட்டரிடம் சொல்லியிருக்கிறார். அதன் பெயர் சூப்பர்சார்ஜர் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். எங்களுக்கு அது ஊதி. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் சின்ன தொரை அந்தக் காரை யாருக்கும் கிடைக்கக் கூடாது என்று ஆற்றங்கரைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

பள்ளத்தில் கிடந்த காரில் அதற்குள் பாதிதான் மிச்சம். டயர்கள் லயத்து ஆட்களின் காலில் செருப்பாக நடந்துகொண்டிருந்தன. கண்ணாடி ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் கோழிக்கூண்டுக்குக் கதவாகிவிட்டது. ஊதியை மட்டும் யாரும் தொடவில்லை. அதை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணனும் பிட்டரும் அதைக் கழற்றிச் சாக்கில் போட்டுப் பால் கொட்டகைக்குத் தூக்கி வந்தார்கள். பலாப்பழ அளவு. உள்ளே ஒரு பூரான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. சேற்றைக் கழுவிவிட்டுப் பிட்டர் கையால் சுற்றிக் காட்டினார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். மேலே ஒரு வாய், கீழே ஒரு வாய். நடுவில், எட்டு என்ற எண்ணைப் போல இடுப்பு ஒடுங்கிய இரண்டு இரும்புத் துண்டுகள். ஒன்று சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றியது. ஒன்றின் வயிறு மற்றதன் இடுப்பில் புகுந்து புகுந்து வெளியே வந்தது. உரசவே இல்லை. நடுவில் ஒரு தலைமுடி நுழையும், அவ்வளவுதான் இடம்.

“அட, நம்ம ரோலரு!” என்றார் அண்ணன்.

கொட்டகையில் இருந்த எல்லோரும் அதையேதான் சொன்னோம். ஒருவருக்குக்கூட வேறு மாதிரித் தோன்றவில்லை. தினமும் அந்த இரண்டு உருளைகளின் முன்னால் நிற்பவர்கள் நாங்கள். அவை எந்தப் பக்கம் உள்ளே இழுக்கும், எந்தப் பக்கம் வெளியே தள்ளும் என்று எங்களுக்கா தெரியாது? உருளைகள் மேலே சேர்ந்து உள்ளே இறங்கினால் மேல்வாய் உள்ளே வாங்கும், கீழ்வாய் வெளியே விடும். அந்தக் கணக்கில்தான் குழாய்களின் இடத்தைக் குறித்தோம்.

சின்னக் காரின் மூக்கில் இருந்ததை லாரிக்கு மாற்றுவது சுலபமாக இல்லை. லாரியின் மூக்கில் கைப்பிடி போட்டுச் சுற்றும் துவாரம் இருந்தது. அங்கே வைத்தால் எஞ்சினை முடுக்க முடியாது. ஆகவே எஞ்சினின் பக்கவாட்டில் வைக்க வேண்டியதாயிற்று. பழைய ரயில் தண்டவாளத் துண்டை வளைத்துத் தாங்கி செய்தார் பிட்டர். ஊதியின் துவாரங்கள் ஓர் அளவு, லாரியின் துவாரங்கள் வேறோர் அளவு. நடுவில் வைக்க ஒரு தகடு வேண்டும். மண்வெட்டித் தகட்டைப் பழுக்கக் காய்ச்சி, அடித்துத் தட்டையாக்கி, ஒரு பக்கம் ஊதிக்கும் மறுபக்கம் லாரிக்கும் பொருந்துகிற மாதிரி துளை போட்டார். ரோலர் எஞ்சினின் தேய்ந்த பெல்ட்டிலிருந்து ஒரு கீற்றை நீளவாக்கில் அறுத்து எடுத்தார். மரத்தில் கப்பி கடைந்தார்.

குழாய்தான் கிடைக்கவில்லை. ஊதிக்கு வரும் வாயுவுக்கு ஒன்று, அதிலிருந்து எஞ்சினுக்குப் போக ஒன்று. வளையக்கூடிய, தடித்த ரப்பர் குழாய் வேண்டும். கடையில் எதுவும் விற்காத காலம்.

“அண்ணே,” என்றேன் மெதுவாக. “குழாய நான் செஞ்சி தரேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க.”

“மச்சான், எப்படின்னு கேளுங்க,” என்றார் பிட்டர்.

“ரெண்டு பேரும் என் உசுர எடுக்காதீங்க,” என்றார் அண்ணன்.

மூங்கிலுக்குச் சாம்பல் பூசினேன், ஒட்டாமல் இருக்க. துணிக் கீற்றுகளை ரப்பர் பாலில் நனைத்து அதன்மேல் சுற்றினேன். காய்ந்ததும் மேலே இன்னொரு சுற்று. அப்புறம் புகைக் கொட்டகையில் ஷீட்டுகளோடு சேர்த்துத் தொங்கவிட்டேன். துணிக்குத்தான் பஞ்சம். கோணியைத் தைத்துக் கட்டியவர்கள் லயத்தில் இருந்தார்கள். அண்ணி பெட்டியைத் திறந்து கல்யாணச் சேலையை எடுத்துப் போட்டார்.

“கிழி,” என்றார். “சேலைய வச்சிக்கிட்டு யாருக்குக் கட்டிக் காட்டப் போறேன், அவரு இல்லாம?”

மறு நிமிஷமே சிரித்தும்விட்டார். “எங்கப்பாவுக்கு மட்டும் தெரியாம பாத்துக்க. லாரிக்குச் சேல கட்டுனோம்னா வெட்டிப்புடுவாரு.”

ஊதியின் பல்சக்கரங்களுக்கு எண்ணெய்? பிரசவத்துக்கு என்று அண்ணி எடுத்து வைத்திருந்த விளக்கெண்ணெய்ப் போத்தலும் அதன் பின்னாலேயே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை லாரியைக் கொட்டகை முன்னால் நிறுத்தினோம். லயமே திரண்டு வந்துவிட்டது. கோவில் பூசாரி கற்பூரம் காட்டினார். அண்ணன் டிரம் பக்கம் நின்று நெருப்பைக் கிளறினார். பிட்டர் முன்னால் ஏறி உட்கார்ந்தார். எஞ்சினை எழுப்புவதற்கு மட்டும் ஒளித்து வைத்திருந்த பெட்ரோலில் ஒரு சிரட்டை ஊற்றி முடுக்கினார்கள். எஞ்சின் பிடித்தது. பெல்ட் ஓடியது. சின்ன தொரை காரின் ஊளை கேட்டது. எல்லோரும் கை தட்டினோம்.

அடுத்த கணம் கரி டிரம்மின் அடிக் கதவு வழியாக நெருப்பு சீறிக்கொண்டு வந்தது. துருத்தி வைத்து ஊதிய கொல்லன் உலை மாதிரி சாம்பலும் பொறியுமாகக் கொட்டியது. கூட்டம் ஓடிய ஓட்டத்தில் பூசாரி வேட்டியை விட்டுவிட்டுத் தட்டோடு மட்டும் ஓடினார். எஞ்சின் இருமிச் செத்தது. புகைக்குள்ளிருந்து அண்ணன் வெளியே வந்தார். பாதி மீசை இல்லை.

“டேய் மச்சான்! சயாமுக்குப் போறதுக்குள்ள நீயே என்னைக் கொளுத்திடலாம்னு பாக்குறியா?”

“நான் என்னத்தப் பண்ணேன்? எல்லாஞ் சரியாத்தான் இருக்கு!”

“சரியா இருந்து இப்படின்னா, தப்பா இருந்தா தோட்டமே எரிஞ்சிருக்கும்லா!”

பிட்டர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். தகடு சரி, பெல்ட் சரி, குழாயில் ஓட்டை இல்லை. ஆனால் வாயு எஞ்சினுக்குப் போகாமல் நெருப்புப் பக்கமே திரும்பிப் போகிறது. ஏன் என்று விளங்கவில்லை. மறுபடி முடுக்கினார்கள். மறுபடி நெருப்பு. லோடு ஏற்ற வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. அன்று சாயங்காலம் அண்ணன் தன் வேட்டி சட்டைகளை மடித்து ஒரு சாக்கில் வைப்பதைப் பார்த்தேன். அண்ணி பார்க்காத மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

மறுநாள் நான் வழக்கம்போல ரோலரில் நின்றேன். உருளைகளுக்குக் கீழே ஒரு தொட்டி உண்டு. பாலில் இருந்து பிழிகிற தண்ணீர் அதில் விழுந்து வாய்க்காலில் போகும். அன்று ரப்பர் துணுக்கு அடைத்துக்கொண்டு தொட்டி நிரம்பிவிட்டது. உருளைகளின் அடி தண்ணீரில் முங்கியது. என் முகத்தில் தண்ணீர் தெறித்தது. துடைத்துக்கொண்டு பார்த்தேன். மறுபடி தெறித்தது.

எங்கள் உருளைகளில் கோடு கோடாகப் பள்ளம் வெட்டியிருக்கும், ஷீட்டில் வரி விழுவதற்காக. கீழே இருக்கும் தண்ணீரை அந்தப் பள்ளங்கள் அள்ளி, உருளையின் வெளிப்புறமாகச் சுற்றி மேலே கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தன. ஷீட் நடுவில் புகுந்து கீழே போகிறது. அதே உருளை, அதே சுற்று, தண்ணீர் மட்டும் ஓரமாக ஏறி மேலே வருகிறது.

நான் கையில் இருந்த பாலைக் கீழே வைத்தேன்.

ஊதியின் நடுவில் தலைமுடிக்குத்தான் இடம். அதில் வாயு எப்படிப் போகும்? அது ஷீட் இல்லையே. எட்டின் ஒடுங்கிய இடுப்பில் தேங்கி, தண்ணீரைப் போல ஓரத்தைச் சுற்றித்தான் போகும். நாங்கள் நினைத்ததற்கு நேர் எதிராக.

முறை வழக்கமெல்லாம் மறந்துபோயிற்று. எஞ்சின் அறைக்கு ஓடினேன். பிட்டர் தனியாக இருந்தார். அண்ணன் இல்லை.

“தண்ணி மேல ஏறுது!” என்றேன்.

நான் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் தலைக்கு மேலே கூரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பேயைப் பார்த்தது போல இருந்தது அவர் முகம். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்து தொட்டியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு லாரியிலிருந்து ஊதியைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஒரு பீடியைப் பற்றவைத்து, நாங்கள் வெளியேறும் வாய் என்று நினைத்திருந்த கீழ்வாயருகே புகையை விட்டு, கையால் கப்பியைச் சுற்றினார். கீழே இருந்த புகை சர்ரென்று உள்ளே போய் மேல்வாயில் வந்தது.

“அடி சக்கை!” என்று கத்தினார். “கவுத்துப் போட்டா தீந்துச்சு!”

அதே மாதிரி ஊதியைத் தலைகீழாகக் கவிழ்த்து, தாங்கியில் வேறு துளை போட்டு மாட்டினார். இந்த முறை கூட்டம் தூரத்திலேயே நின்றது. பூசாரி வரவே இல்லை. எஞ்சின் பிடித்தது. ஊளை எழுந்தது. டிரம்மின் நெருப்பு உள்பக்கமாக இழுத்துக்கொண்டு ஜிவ்வென்று சிவந்தது. லாரி நின்ற இடத்திலேயே துள்ளியது. அண்ணன் மீதி மீசையைத் தடவிக்கொண்டே அண்ணியைப் பார்த்தார். அண்ணி சாக்கில் மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்துக் கொடியில் போட ஓடினார்.

லோடு புறப்பட்ட அன்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். குழாய் எங்காவது விட்டுப்போனால் ஒட்ட ஆள் வேண்டும் என்று அண்ணன் சொன்னார். ஒரு தகரத்தில் ரப்பர் பாலும் மடியில் துணிக் கீற்றுமாக நான் ஷீட் கட்டுகளின் மேல் உட்கார்ந்தேன். மந்தின் கடைகளைத் தாண்டி மேடு தொடங்கும் இடத்தில் ரப்பர் பால் தகரத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். வழக்கமாகக் கட்டை போடும் முதல் வளைவு வந்தது. பக்கத்தில் இருந்த ஆட்கள் பழக்கத்தில் கட்டையோடு எழுந்து நின்றார்கள். லாரி நிற்கவில்லை. இரண்டாவது வளைவு. ஊளை உச்சத்துக்குப் போயிற்று. விளக்கெண்ணெய் காய்ந்து, லாரி முழுவதும் பிள்ளைகளுக்குப் பேதி கொடுக்கிற நாள் மாதிரி வாசம். கட்டை வைத்திருந்தவர் அதைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்துவிட்டு, “இனிமே நீ எதுக்கு!” என்று கத்தினார். நான் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். காற்றில் என் சத்தமே எனக்குப் புதிதாக இருந்தது.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கார் திணறிக்கொண்டு ஏறியது. ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயில் ஓடும் கார். பின்னால் கரும்புகையைக் கக்கிக்கொண்டு போனது. அண்ணன் ஹாரனை அழுத்தினார். கார் ஒதுங்கவில்லை. அண்ணன் வலப்பக்கம் ஒடித்து அதை முந்தினார். முந்தும்போது நான் குனிந்து பார்த்தேன். புகைக்குள் காரின் மூக்கில் ஒரு சின்னக் கொடி. உள்ளே ஜப்பான் அதிகாரி.

“அண்ணே!” என்று கூரையைத் தட்டினேன். “பெரியவரு காரு அண்ணே!”

அதற்குள் நாங்கள் உச்சியில் இருந்தோம்.

அண்ணன் லாரியை ஓரம் கட்டினார். எல்லோரும் இறங்கி வரிசையாக நின்று இடுப்பு வளைத்து வணங்கினோம். கார் வந்து நிற்க வெகுநேரம் ஆயிற்று. அதிகாரி இறங்கினார். யாரையும் அடிக்கவில்லை. அதுவே பயமாக இருந்தது. நேராகப் போய் லாரியின் எஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னார். ஊதியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் காரைக் காட்டினார்.

“இனி,” என்று ஊதியைச் சுட்டினார். “பேசோ, சானா.” இது நாளைக்கே அங்கே, என் காருக்கு.

சிரம்பானில் லோடை இறக்கிவிட்டுத் திரும்பினோம். ஊதி போனால் லாரி பழைய லாரி. மேடு ஏறாத லாரிக்கு டிரைவர் எதற்கு? அண்ணி வாசலில் சிரித்துக்கொண்டு நின்றார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் கொடியில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார்.

மறுநாள் அதிகாரி தன் காரோடு பால் கொட்டகைக்கே வந்துவிட்டார். நான் ரோலரில் இருந்தேன். அண்ணனும் பிட்டரும் லாரியில் தலைகீழாக இருந்த ஊதியைக் கழற்றி, பழையபடி நிமிர்த்திக் காரின் பக்கத்தில் வைத்தார்கள். அதிகாரி குனிந்து அதன் வாய்க்குள் பார்த்தார். கப்பியைச் சுற்றினார். இரண்டு எட்டுகளும் மேலே சேர்ந்து, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கீழே இறங்கின. அவர் முகம் மலர்ந்தது. நிமிர்ந்து என் ரோலரைப் பார்த்தார். மறுபடி ஊதியைப் பார்த்தார்.

“சாமா!” என்று சிரித்தார். “சாமா, சாமா!” இரண்டும் ஒன்றுதான்.

அவரும் ரப்பர்க்காரர்தானே. வாரா வாரம் என் உருளைகளின் இடைவெளியைக் காகிதம் நுழைத்துப் பார்ப்பவர். விரலால் மேல்வாயைத் தொட்டு, “மாசோ,” என்றார். கீழ்வாயைத் தொட்டு, “கெலுவார்.” மேலே உள்ளே, கீழே வெளியே. அப்படித்தான் மாட்ட வேண்டும் என்று பிட்டருக்கு உத்தரவு.

பிட்டர் வாயைத் திறந்தார். வேலையில் தப்பைக் கண்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. அண்ணன் அவர் காலை ஓங்கி மிதித்தார். பிட்டர் வலியில் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையை இப்படியும் அப்படியும் ஒரே ஒருமுறை ஆட்டிவிட்டு ஷீட்டைப் பார்க்கத் தொடங்கினேன். வாயைத் திறக்காமல் நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அன்று கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்துவிட்டது.

“ஹாய்,” என்று ஜப்பான் மொழியில் ஆமாம் போட்டார் பிட்டர். அவர் சொன்னபடியே மாட்டினார்.

அதிகாரி தானே உள்ளே உட்கார்ந்தார். எஞ்சின் பிடித்ததும் ஊளை கேட்டது. அவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். அப்போது எண்ணெய் எஞ்சினுக்குள் போக வேண்டிய வழியிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே பீச்சியது, சந்தனம் தெளிக்கிற மாதிரி. எஞ்சின் விக்கியது. பிறகு துப்பாக்கி வெடித்தாற்போல ஒரு சத்தம். கார் முழுவதும் கரும்புகை. அதிகாரி வெளியே வந்தபோது அவர் வெள்ளைச் சட்டை எங்கள் கரி ஏற்றும் ஆளின் சட்டை மாதிரி இருந்தது. மறுபடி முடுக்கச் சொன்னார். மறுபடி வெடித்தது. தான் சொன்னபடிதான் மாட்டியிருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். அவர் சொன்னபடியேதான் இருந்தது.

“பகேரோ!” என்று ஜப்பான் மொழியில் திட்டிப் பிட்டர் கன்னத்தில் ஓர் அறை விட்டார். காரை உதைத்தார். ஊதியை உதைத்தார். அது கரிக்குத்தான் லாயக்கு, எண்ணெய்க்கு ஆகாது என்று அவரே ஒரு முடிவுக்கு வந்தார். லாரியைக் கைகாட்டி, அதிலேயே கட்டித் தொலையுங்கள் என்று கத்திவிட்டு, எங்களைக் கொண்டு ஊதியைக் கழற்றிவிட்டுத் தன் காரில் ஏறிப் போனார். சத்தம் தூரத்தில் தேய்கிற வரை நாங்கள் வணங்கிய நிலையிலேயே நின்றோம். நிமிர்ந்தால் சிரித்துவிடுவோம் என்ற பயம்.

அவர் கார் பாலத்தைத் தாண்டியதும் கொட்டகையே சிரிப்பில் வெடித்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்து சிரித்தார். “மச்சான், அறை எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்.

“உங்க மிதிக்கு இது பரவால்ல,” என்றார் பிட்டர். ஐந்து விரல்களும் கன்னத்தில் பதிந்திருந்தன.

நான் ஈரத்துணியை நனைத்துக்கொண்டு போய், “இந்தாங்க, வச்சிக்குங்க,” என்றேன். நேராகத்தான் சொன்னேன். அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப இனிமே எனக்குத் தபால் வேல இல்ல,” என்றார். இதை நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, அறை விழுந்தது இடது கன்னத்தில், நான் துணி வைக்கச் சொன்னது வலது கன்னத்தில் என்று இப்போதும் சண்டைக்கு வருகிறார் பிட்டர்.

அண்ணன் பெயர் சயாம் கணக்கில் சேரவில்லை. அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அவர் வீட்டில்தான் இருந்தார். எதிர் வீட்டுக்காரர் திரும்பி வரவேயில்லை. அந்த அம்மாளுக்கும் சேர்த்து அண்ணன் சிரம்பானிலிருந்து வரும்போது ஏதாவது கொண்டுவருவார்.

லாரி அதன்பிறகு ஒவ்வொரு லோடுக்கும் மேடு ஏறியது. சில நாள் அதிகாரியின் காரும் அதே நேரம் ஏறும். அப்போதெல்லாம் அண்ணன் முந்த மாட்டார். ஹாரனும் அடிக்க மாட்டார். அந்தக் கரும்புகைக்குப் பின்னாலேயே, வளைவுக்கு வளைவு, லாரியை ஊர்ந்து வரச் செய்வார். ஊதி மட்டும் அடக்க முடியாமல் ஊளையிட்டுக்கொண்டே வரும்.